வைட்டமின் டி ஏற்பி மரபணுவும் முதியவர்களின் சர்க்கரையும்

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். படித்தது பொறியியலில் முதுகலை. மருத்துவனோ உயிரியலாளனோ அல்ல. இந்த விஷயத்தைப் பற்றி எழுத எனக்கிருக்கும் ஒரே தகுதி, இதில் சொல்லப்போகும் தவறை நானே செய்தவன் என்பதுதான்.

அப்பா திருநெல்வேலியில் இருக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது 72. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆறு மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று சான் டியாகோ வந்திருந்தபோது, தள்ளுபடியில் வாங்கி வைத்திருந்த மரபணுச் சோதனைக் குப்பியில் அவரையும் எச்சில் துப்பச் சொன்னேன். வீட்டில் எல்லோரும் துப்பினோம், ஒரு விளையாட்டு மாதிரி. அவர் ஊர் திரும்பிய பிறகு அறிக்கை வந்தது. "வைட்டமின் டி ஏற்பி மரபணுவில் டாக்-1 மாறுபாடு, இரு பிரதிகள். உங்கள் உடல் வைட்டமின் டி-யைக் குறைவாகவே பயன்படுத்தக்கூடும். கூடுதல் அளவு தேவைப்படலாம்" என்று சிவப்புக் கட்டத்துக்குள் போட்டிருந்தார்கள்.

அதே சமயம் ஊரில் டாக்டர், ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு என்று 60,000 அலகு பவுடர் பாக்கெட்டை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

"அப்பா, அந்தப் பவுடரை நிறுத்திராதீங்க. உங்க ஜீனுக்கு அது பத்தாது, கூட்டித்தான் எடுக்கணும்" என்று போனில் சொன்னேன். "நீ படிச்சுப் பாத்துச் சொன்னாச் சரியாத்தான்யா இருக்கும்" என்றார். எவ்வளவு கூட்ட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் தினம் ஒரு பாக்கெட் சாப்பிட ஆரம்பித்தார். மருந்துக் கடையில் சீட்டு கேட்கவில்லை.

பத்து வாரம் போனது. மலச்சிக்கல், பசியின்மை, ஓயாத தாகம், ராத்திரி நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிப்பது. "சர்க்கரை ஏறியிருக்கும் போல" என்றாள் அம்மா. நானும் சோற்றைக் குறைக்கச் சொன்னேன். ஒரு நாள் சாயங்காலம் தெருமுனைக் கடைக்குப் போனவருக்கு வீடு திரும்ப வழி தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை வழக்கம்போலத்தான் இருந்தது. 10.5-க்குள் இருக்க வேண்டிய கால்சியம் 13-ஐத் தாண்டியிருந்தது. சிறுநீரகமும் திணற ஆரம்பித்திருந்தது. ஐந்து நாள் சலைன் ஏற்றினார்கள். "தினமும் எடுக்கச் சொன்னது எந்த டாக்டர் சார்?" என்று அங்கிருந்த மருத்துவர் போனில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்பா தேறிவிட்டார். நான் அந்தச் சிவப்புக் கட்டத்துக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது என்று படிக்க உட்கார்ந்தேன். படித்ததில் எனக்குப் புரிந்தவற்றை இங்கே தருகிறேன்.

ஏற்பி என்பது என்ன?

வைட்டமின் டி பெயருக்குத்தான் வைட்டமின். உண்மையில் அது ஒரு ஹார்மோனுக்கான கச்சாப் பொருள். வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் படும்போது அங்குள்ள கொழுப்புப் பொருள் ஒன்று வைட்டமின் டி-3 ஆகிறது. கல்லீரல் அதை 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆக மாற்றுகிறது. ரத்தப் பரிசோதனையில் அளப்பது இதைத்தான். சிறுநீரகம் இன்னொரு ஹைட்ராக்ஸி தொகுதியைச் சேர்த்த பின்னரே அது செயல்படும் ஹார்மோன் ஆகிறது.

ஹார்மோன் தானாக எதையும் செய்துவிடாது. செல்லுக்குள் அதற்காகக் காத்திருக்கும் புரதம் ஒன்று வேண்டும். அதுதான் வைட்டமின் டி ஏற்பி. கோழிக்குஞ்சின் குடலில் இப்படி ஒன்று இருப்பதற்கான தடயம் 1969-ல் கிடைத்தது. மனித ஏற்பியின் மரபணு வரிசை 1988-ல் வெளியானது. மென்பொருள்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஒரு செய்தி வந்தால் மட்டும் விழித்துக்கொண்டு ஓடும் நிரல்துண்டு மாதிரி. ஹார்மோன் வந்து ஒட்டியதும் ஏற்பி இன்னொரு புரதத்துடன் ஜோடி சேர்ந்து, டி.என்.ஏ-வில் குறிப்பிட்ட இடங்களில் போய் அமர்ந்து, சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது, சிலவற்றை அடக்குகிறது. குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவது இதனால்தான். அப்பாவுக்குக் கால்சியம் ஏறியதும் இதே வழியில்தான்.

இந்த ஏற்பி உண்மையிலேயே பழுதானால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதன் மரபணுவில் கடுமையான பிழையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் வரும், பலருக்குத் தலைமுடி உதிர்ந்துவிடும். அந்தப் பிழைகளை 1988-ல் கண்டறிந்தார்கள். இது மிக அரிய நோய். அப்பாவின் அறிக்கையில் இருந்தது இந்த ரகம் இல்லை.

நான்கு எழுத்து மாற்றங்கள்

ஏற்பியின் மரபணு 12-வது குரோமோசோமில் இருக்கிறது. அதில் மனிதருக்கு மனிதர் மாறும் இடங்கள் பல. அவற்றில் நான்கு புகழ் பெற்றவை: ஃபாக்-1, பிஎஸ்எம்-1, ஏபா-1, டாக்-1. இவை டி.என்.ஏ-வை வெட்டும் பாக்டீரிய நொதிகளின் பெயர்கள். எழுத்து மாறினால் நொதி அந்த இடத்தில் வெட்டும் அல்லது வெட்டாது. 1990-களில் ஒருவரின் வகையைக் கண்டுபிடிக்க அதுவே எளிய வழியாக இருந்ததால் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. அதாவது, இந்த நான்கும் பிரபலமானதற்கு ஒரு காரணம், அவற்றைச் சோதிப்பது சுலபம் என்பதுதான்.

இவற்றில் ஏற்பிப் புரதத்தையே மாற்றுவது ஃபாக்-1 மட்டும். புரதம் எழுதத் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் ஏடிஜி என்ற மூன்றெழுத்து, சிலரிடம் ஏசிஜி என்று இருக்கிறது. அவர்களுடைய செல் அதைத் தாண்டி அடுத்த ஏடிஜி-யில் தொடங்குகிறது. விளைவு, 427 அமினோ அமிலங்களுக்குப் பதில் 424 கொண்ட ஏற்பி. ஆய்வகச் செல்களில் இந்தக் குட்டை ஏற்பி சற்றுச் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது.

பிஎஸ்எம்-1, ஏபா-1 இரண்டும் புரதமாக மொழிபெயர்க்கப்படாத இடைப்பகுதியில் உள்ளன. நிரலுக்கு நடுவே எழுதும் குறிப்புரையில் ஒரு எழுத்தை மாற்றுவது போல. டாக்-1 புரதப் பகுதியில்தான் இருக்கிறது, ஆனால் மாறிய பிறகும் அதே ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தையே குறிக்கிறது. என் அப்பாவின் 'குறைபாடு' இதுதான்: அவருடைய ஏற்பியின் ஒரு அமினோ அமிலத்தைக்கூட அது மாற்றவில்லை.

பிறகு ஏன் இவற்றை ஆராய்கிறார்கள்? இவை மூன்றும் அருகருகே இருப்பதால் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. பக்கத்தில் உண்மையிலேயே வேலை செய்யும் வேறொரு மாறுபாடு இருந்தால், அதற்கு இவை அடையாளக் கொடியாக இருக்கலாம். ஆனால் கொடி நட்ட இடமும் புதையலும் எல்லா மக்களிடமும் ஒரே மாதிரி அமைவதில்லை. ஐரோப்பியரிடம் ஒன்றைக் காட்டும் கொடி, தமிழரிடமும் அதையே காட்டும் என்று சொல்ல முடியாது.

சர்க்கரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்க நியாயம் இருக்கிறது. இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களில் இந்த ஏற்பி உண்டு. வைட்டமின் டி இல்லாமல் வளர்த்த எலிகளின் கணையம் குறைவாகவே இன்சுலின் சுரக்கிறது என்று 1980-ல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. அப்படியானால் ஏற்பியில் உள்ள சிறு வித்தியாசங்கள் சர்க்கரை, எடை, கொழுப்பு ஆகியவற்றில் தெரிய வேண்டுமே என்று தேடத் தொடங்கினார்கள்.

நமக்கு நெருக்கமான ஓர் ஆய்வு 1998-ல் 'டயாபடிஸ்' இதழில் வந்தது. லண்டனில் வாழும் வங்கதேசத்தவரில் சர்க்கரை நோய்க்கு வாய்ப்புள்ள 171 பேரைப் பரிசோதித்தார்கள். வெயில் குறைந்த ஊரில் வாழும் கருநிறத் தோல்காரர்கள் என்பதால் வைட்டமின் டி குறைபாடு அவர்களிடம் சாதாரணம். ஏபா-1 வகைக்கும் இன்சுலின் சுரக்கும் அளவுக்கும் தொடர்பு தெரிந்தது.

அடுத்தது என் வீட்டிலிருந்து அரை மணி கார்ப் பயணத்தில் நடந்தது. சான் டியாகோவின் புறநகரான ராஞ்சோ பெர்னார்டோவில் 1972-ல் எலிசபெத் பாரெட்-கானர் தொடங்கிய நெடுநாள் ஆய்வு, முதுமையைப் பற்றிய ஆய்வுகளில் மிகவும் பெயர் பெற்றது. அதிலிருந்து 2002-ல் வந்த கட்டுரை 1,545 வெள்ளையின முதியவர்களைப் பற்றியது. சர்க்கரை நோய் இல்லாதவர்களில், ஏபா-1-ன் ஒரு வகையைக் கொண்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றுக் கூடுதல். பிஎஸ்எம்-1-ன் ஒரு வகை, இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலையுடன் தொடர்பு காட்டியது.

இந்த இரண்டோடு நிறுத்தியிருந்தால் அந்தச் சிவப்புக் கட்டம் நியாயம் என்றே எனக்கும் தோன்றியிருக்கும். ஆனால் பின்வந்த ஆய்வுகளில் ஓரிடத்தில் ஃபாக்-1, இன்னோரிடத்தில் பிஎஸ்எம்-1, மற்றோரிடத்தில் எதுவுமே இல்லை என்று முடிவுகள் சிதறுகின்றன.

எலும்பு சொல்லித்தந்த பாடம்

இதே மரபணுவுக்கு முன்பு ஒருமுறை நடந்ததை நினைவில் வைப்பது நல்லது. 1994-ல் சிட்னி ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு பெரிய செய்தியை அறிவித்தார்கள். எலும்பின் அடர்த்தியில் மரபு வழி வரும் பங்கில் 75 சதவீதம் வரை இந்த ஒரே மரபணுவின் வகைகளால் விளக்கலாம் என்பது அது. எலும்புத் தேய்மானத்தை ரத்தச் சோதனையிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று உலகமே பேசியது. 1997-ல் அதே குழு, இரட்டையர்களின் மாதிரிகள் சிலவற்றில் மரபணு வகை தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது என்று நேர்மையாகத் திருத்தம் வெளியிட்டது. தொடர்பு வெகுவாக மெலிந்துவிட்டது.

2006-ல் 26,242 பேரின் தகவல்களைத் தனித்தனியாகச் சேர்த்து அலசினார்கள். ஃபாக்-1, பிஎஸ்எம்-1, ஏபா-1, டாக்-1 நான்குக்கும் எலும்பு அடர்த்தியோடும் சரி, எலும்பு முறிவோடும் சரி, தொடர்பு இல்லை என்று தெரிந்தது. வைட்டமின் டி-யின் முதன்மை வேலையான எலும்பு விஷயத்திலேயே இதுதான் நிலை என்றால், சர்க்கரை விஷயத்தில் எவ்வளவு நிதானம் வேண்டும்!

ஏன் இப்படி ஆகிறது?

ஒரு சின்னக் கணக்கு. நான்கு மாறுபாடுகள். சர்க்கரை, இன்சுலின், இடுப்பளவு, டிரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் என்று ஐந்து அளவுகள். ஆண், பெண் தனித்தனி. மொத்தம் 40 சோதனைகள். வழக்கமான ஐந்து சதவீத வரம்பில் பார்த்தால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் சராசரியாக இரண்டு சோதனைகள் 'தொடர்பு உண்டு' என்று காட்டும். சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், குறைந்தது ஒன்றாவது அப்படிக் காட்டுவதற்கு 87 சதவீத வாய்ப்பு. சில நூறு பேரை வைத்துச் செய்யும் ஆய்வில் இதை உண்மையிலிருந்து பிரித்தறிவது கடினம். தொடர்பு கிடைத்த ஆய்வு இதழில் இடம்பிடிக்கிறது, கிடைக்காதது பெரும்பாலும் மேசை இழுப்பறையில் தூங்குகிறது.

இதற்கு மாற்றாக, முன்கூட்டி ஒரு மரபணுவைத் தேர்ந்தெடுக்காமல் மொத்த மரபுத்தொகுதியையும் அலசும் முறை வந்தது. 2010-ல் ஏறத்தாழ 30,000 ஐரோப்பியரிடம் அப்படிச் செய்தபோது ரத்தத்தில் வைட்டமின் டி அளவோடு தொடர்புடையவையாகத் தலைகாட்டியவை, அதைத் தயாரிக்கும், சுமந்து செல்லும் புரதங்களின் மரபணுக்கள். ஏற்பியின் மரபணு அந்தப் பட்டியலில் இல்லை. சர்க்கரை நோய்க்கு இப்படிப் பரவலாக அறியப்பட்ட மரபணுக்களில் வலுவான ஒன்று, 2006-ல் ஐஸ்லாந்துக் குழு கண்டறிந்த டி.சி.எஃப்.7.எல்.2. அதுகூட ஒரு பிரதிக்கு வாய்ப்பை ஏறத்தாழ 40 சதவீதம் கூட்டுகிறது, அவ்வளவே. தனி ஒருவருக்கு நோய் வருமா வராதா என்று அதை வைத்தும் ஜோசியம் சொல்ல முடியாது.

இன்னொன்று. மரபணு வகை பிறந்தது முதல் மாறுவதில்லை. முதுமையில் மாறுவது மற்றதெல்லாம். வயதான தோல், இளந்தோல் தயாரிப்பதில் பாதிக்கும் குறைவாகவே வைட்டமின் டி-யைத் தயாரிக்கிறது என்று 1985-லேயே காட்டியிருக்கிறார்கள். வெளியே போவது குறைகிறது. உடலில் கொழுப்பு கூடினால் ரத்தத்தில் வைட்டமின் டி இறங்குகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் கடைசிக் கட்ட மாற்றம் குறைகிறது. 30 வயதிலும் 72 வயதிலும் அப்பாவிடம் இருந்தது ஒரே டாக்-1 வகைதான்.

மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது

தொடர்பைத் தேடுவதை விட்டுவிட்டு நேரடியாகவே கொடுத்துப் பார்த்த சோதனைகளும் உண்டு. அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேரில் பாதிப் பேருக்குத் தினம் 4,000 அலகு வைட்டமின் டி, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 2019-ல் வந்த முடிவு: வைட்டமின் டி எடுத்தவர்களில் நோய்க்கு மாறியவர்கள் 12 சதவீதம் குறைவு, ஆனால் தற்செயல் என்ற சாத்தியத்தை ஒதுக்கும் அளவுக்கு உறுதியில்லை. 2023-ல் இதையும் இதுபோன்ற இரண்டு சோதனைகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 15 சதவீதக் குறைவு தெரிந்தது. மூன்று ஆண்டுகளில் நூறு பேரில் ஏறத்தாழ மூன்று பேர் தப்பினார்கள். சின்னப் பலன், ஆனால் பலன்தான். இது விளிம்பில் இருப்பவர்களுக்கானது. என் அப்பா போல ஏற்கெனவே நோய் உள்ளவர்களைப் பற்றியது இல்லை.

கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் நன்மையா? ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த 2,256 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 அலகு கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவின்படி அவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் எலும்பு அதிகம் முறிந்தது. 2024-ல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலில், 75 வயது கடந்தவர்களுக்கும் சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்கும் வைட்டமின் டி தரலாம் என்று இருக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தரும்போது, இடைவெளி விட்டுப் பெரிய அளவாகத் தருவதைவிடத் தினமும் சிறிய அளவே மேல் என்றும் சொல்கிறார்கள்.

அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை 70 வயது கடந்தவர்களுக்குத் தினம் 800 அலகு, மேல் வரம்பு 4,000. வாரம் ஒரு 60,000 பாக்கெட் என்பது குறைபாட்டைச் சரிசெய்யச் சில வாரங்களுக்கு மட்டும் டாக்டர் கணக்குப் போட்டுத் தருவது. அதையே தினம் எடுத்தால் மேல் வரம்பைப்போல் பதினைந்து மடங்கு.

முடிவாக

ஏற்பி மரபணு ஆராய்ச்சி வீண் என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியில் தெரியும் ஒரு நூலிழை வித்தியாசம், உடல் எப்படி இயங்குகிறது என்பதற்குத் துப்பாகப் பயன்படும். அதை ஒரு கிழவருக்கான மருந்துச் சீட்டாக வாசித்ததுதான் என் பிழை. நிரலில் ஒரு எச்சரிக்கை வரி வந்தால் எதனால் வந்தது என்று பார்க்காமல் கை வைக்கமாட்டேன். அப்பாவின் உடம்பில் மட்டும் கை வைத்துவிட்டேன்.

உங்கள் வீட்டு முதியவர்களுக்கு இப்படியொரு அறிக்கை வந்தால், நான் கேட்காத கேள்விகளை நீங்கள் கேளுங்கள். பவுடரோ மாத்திரையோ எத்தனை அலகு, தினமா வாரமா, எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்? இதை டாக்டரிடமே கேட்டு, காலண்டரில் எழுதித் தொங்கவிடுங்கள். வைட்டமின் டி எடுத்துக்கொண்டிருப்பவருக்குத் தாகமும் அதிகச் சிறுநீரும் மலச்சிக்கலும் குழப்பமும் வந்தால், சர்க்கரைதான் என்று முடிவு கட்டாமல் கால்சியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து போனில் வைத்தியம் சொல்லாதீர்கள். பிள்ளை படித்தவன் என்பதால் அவர்கள் அப்படியே நம்பிவிடுவார்கள்.

அப்பா இப்போது தினமும் காலையில் வெயிலில் அரை மணி நடக்கிறார். பவுடர் கிடையாது. கால்சியமும் சிறுநீரகமும் பழைய நிலைக்கு வந்துவிட்டன. போன வாரம் பேசியபோது, "அந்த ஜீன் ரிப்போர்ட்ல வேற என்னப்பா போட்டுருக்கான்?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.